தேசம்மாவைத் திருப்பி விட்ட கேட்

ஆலஞ்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முதலில் சாராயக்கடையாக இருந்து, பிறகு கல்யாண மண்டபமாகி, அதுவும் நொடித்துப்போய், கடைசியில் தேன்கூடு என்று பெயர் மாட்டிக்கொண்டு குழந்தைகள் இல்லமாக ஆன ஒரு கட்டடம் உண்டு. அதன் இரும்பு கேட் வழியாக ஊர்ப்பிள்ளைகள் வெளியே போனால் வெளியே போவார்கள், ஏரிக்கரை இருளர் பிள்ளைகள் வெளியே போனால் உள்ளே வருவார்கள். இடது கால் கேட்டைத் தாண்டும், தார் ரோட்டின் சூடுகூட உள்ளங்காலில் ஏறும், வலது காலைத் தூக்கி வைத்தால் அது இல்லத்து முற்றத்துச் சிமெண்டில் விழும், முகம் கட்டடத்தைப் பார்த்திருக்கும், முதுகு ரோட்டைப் பார்த்திருக்கும், அவ்வளவுதான். தலை சுற்றாது, கண் இருட்டாது. வாட்ச்மேன் தனகோட்டி முதல் தடவை பார்த்தபோது வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பார்த்தான். அடுத்த தடவை துப்பவில்லை.

ஊர் பெரிய ஊர், ரெண்டு தியேட்டரும் நாலு பக்கமும் ரோடும் உள்ள ஊர், ஆனால் தேன்கூட்டில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏரிக்கரை என்கிற ஒரே ஒரு தெருவிலிருந்து வந்தவர்கள். அதை ஒருத்தரும் அதிசயம் என்று சொன்னதில்லை. கேட்டைத்தான் அதிசயம் என்றார்கள்.

அந்த ஏரிக்கரையில் செஞ்சியம்மாள் என்று ஒருத்தி, வயல் நண்டும் விலாங்கும் பிடித்துக் கூடையில் வைத்து பஸ் ஸ்டாண்டு முகப்பில் விற்கிறவள். பள்ளிக்கூடத்தின் நிழலில் ஒதுங்கியதில்லை, ஆனால் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தேன் என்று மார்தட்ட ஆலஞ்சேரியில் ஆள் கிடையாது. வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அண்ணன் மகள் தேசம்மா ஒருத்திதான். அண்ணன் கரிமூட்டம் போடப் போன காட்டில் பாம்பு தீண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டான், அண்ணி வேலைக்கென்று ஆந்திரா பக்கம் போனவள் போனவள்தான். பால்பல் விழுந்து முளைக்கிற வயது அந்தப் பெண்ணுக்கு, மைக்குக் கை கால் முளைத்த மாதிரி கறுப்பு, சிரித்தால் முன்பல் இல்லாத ஓட்டை வழியே நாக்கு எட்டிப் பார்க்கும்.

ஒருநாள் செஞ்சி தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போன நேரம், தேசம்மா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பிக்கப் பார்த்த நண்டுகளைக் குச்சியால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது வந்து நின்றது வேன். குழந்தைத் தொழிலாளி என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கடை பேன்சி ஸ்டோர்; அங்கே கல்லாப்பெட்டியில் கடைக்காரரின் மகன், தேசம்மா வயதுதான், சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். வேனில் வந்த அதிகாரி சுகந்தன் அவன் தலையைத் தட்டி, “அப்பாவுக்கு ஒத்தாசையா, சமர்த்து” என்றார்.

தேன்கூட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பார்க்கும் நாள். பழைய கல்யாண மண்டபமாயிற்றே, பழக்கம் சுவரில் ஊறிப்போயிருந்தது. கேசரி, பஜ்ஜி, காப்பி. பிள்ளைகளைக் கொஞ்ச காலத்துக்குத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்க முன்வந்த தம்பதிகள் பட்டுப்புடவையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நாற்காலியில் உட்கார, இல்லத்து மேலாளர் பிரேமாவதி மேடம் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் காப்பித் தட்டோடு அனுப்புவார். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு ஆயா முகப்பவுடரை ரெட்டிப்பாக அப்புவாள், அதனால் அவர்கள் சுண்ணாம்பு அடித்த பானை மாதிரி வந்து நிற்பார்கள். “பாடத் தெரியுமா?” தெரியும். “எந்த ஊரும்மா?” ஏரிக்கரை. கேசரிக் கரண்டி அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கும். “போயி லெட்டர் போடறோம் மேடம்” என்று எழுந்துகொள்வார்கள். எழுந்த கையோடு, ரோட்டில் கண்டெடுத்து இல்லத்தில் விட்டிருந்த ஒரு வெளுத்த பையனைக் காரில் வைத்துக்கொண்டு போவார்கள். அந்தக் காருக்குக் கேட் வழுக்கிக்கொண்டு திறக்கும்.

செஞ்சி ஆபீசுக்கு நடந்தாள், குழந்தை நலக் கமிட்டிக்கு நடந்தாள், நண்டு விற்காத நேரமெல்லாம் அந்த வராந்தாவிலேயே குந்திக் கிடந்தாள்.

“ஏம்மா, கான்கிரீட் வீடு இருக்கா? குழந்தைக்குத் தனிப் படுக்கை உண்டா?” என்றார் சுகந்தன்.

“உங்க வீட்ல பிள்ள எங்க சார் தூங்குது?”

“எங்களோடதான்.”

“அப்ப உங்க பிள்ளயும் வேன்ல ஏத்தலாமே சார். வேன் சும்மாத்தான நிக்கிது.”

வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுகந்தன் சிரிக்கவில்லை. ஆனாலும் எந்தக் கல்லும் ஒரே இடத்தில் தண்ணீர் விழ விழக் குழியாமல் இருக்காது, அதிலும் விழுகிறது செஞ்சியின் வாய் என்றால் கேட்கவே வேண்டாம்; தொல்லை தாங்காமல் ஆர்டர் போட்டுக் கொடுத்தார்கள், பிள்ளையை அத்தையே வளர்க்கலாம் என்று.

செஞ்சி புதுப் பாவாடை வாங்கிக்கொண்டு போனாள், தேசம்மாவுக்குக் கட்டி விட்டாள், கையைப் பிடித்தாள், நடந்தாள். ரோட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், பிடித்த கை பிடித்தபடியே மடங்கிக் கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. தேசம்மா முற்றத்தில் கட்டடத்தைப் பார்த்து நின்றுகொண்டு, “அத்த, எங்க போயிட்ட?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“குந்துக்கா. தண்ணி குடி” என்றான் தனகோட்டி. “ஏரிக்கரைப் பசங்கள வுடாது.”

“யாரு வுடாது?”

“கேட்டுதான்.”

“தெரிஞ்சிக்கினேவா சும்மா நின்ன?”

“ஆர்டர் இருந்தா வுடும்னு நெனச்சன்க்கா.”

அன்றைக்கு வெயில் சாயும்வரை அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கி, தோளில் ஏற்றி, முதுகில் கட்டி, முன்னால் தள்ளி, பின்னால் நடந்து, எல்லா விதமாகவும் அந்தக் கேட்டைத் தாண்டினாள், எல்லா விதமாகவும் தனியாகவே ரோட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிரேமாவதி மேடம் கெட்டவர் இல்லை, தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்: குழந்தை வெளியேறவில்லை, தானாகவே இல்லத்துக்குத் திரும்பி வந்தது. சுகந்தன் அதைப் படித்து, “பார்த்தியாம்மா, அதுக்கே இங்கதான் பிடிச்சிருக்கு” என்றார்.

இனி ஊர் இதை எப்படிச் சீரணித்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆலஞ்சேரி எதையும் சீரணிக்கிற ஊர். முதலில் இன்ஜினியர் வந்தார், டேப்பை வைத்து அளந்தார், கேட் சரியான அகலத்தில் இருக்கிறது என்று சொல்லிப் போனார். பிறகு பூசாரி வந்து பூசணிக்காய் உடைத்தார். பூசணிக்காய் ரோட்டில் உருண்டு ரோட்டிலேயே கிடந்தது, அதற்கு ஒரு தடையும் இல்லை. கவுன்சிலர் தன் அப்பா பெயர் போட்டுப் புதுக் கேட் செய்து கொடுத்தார், மேலே வளைவும் ரெண்டு யானையுமாக. புதுக் கேட்டும் பழைய கேட்டின் வேலையைத் தட்டாமல் செய்தது. டீக்கடையில் கொஞ்ச நாள் இதே பேச்சு. அவங்க காட்டுல கெடந்தவங்க, வசதியான எடம் கெடச்சா ஒட்டிக்குவாங்க என்று காலையில் சொன்ன மாவுமில்காரர், அவங்க ஒரு எடத்துல நிக்கமாட்டாங்க, அதான் கேட்டு புடிச்சி வெக்கிது என்று மாலையில் சொன்னார், ரெண்டுக்கும் அதே ஆட்கள் தலையாட்டினார்கள். பிறந்தநாளுக்குச் சோறு போட வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையாகக் கேட்டைத் தாண்டச் சொல்லி செல்போனில் படம் எடுத்தார்கள். சொந்தப் பிள்ளை சாப்பிட அடம்பிடித்தால் தாய்மார்கள் தேன்கூட்டு கேட்டைக் காட்டினார்கள், அது வீணான மிரட்டல் என்று அவர்களுக்கும் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். கமிட்டிக் கூட்டத்தில் கேட் விஷயம் என்று ஒன்று எப்போதும் கடைசியில் இருந்தது, கடைசிக்கு வரும்போது எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இப்படியே மழை வந்தது, போனது; ரோடு போட்டார்கள், தோண்டினார்கள்; அதிசயம் பழசாகி, பழசு வழக்கமாகி, வழக்கம் விதிமுறை மாதிரி ஆகிவிட்டது.

செஞ்சிக்கு மட்டும் சீரணமாகவில்லை. ஒரு நாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு, நேரடியாகப் பேரத்தில் இறங்கினாள். “இன்னா ஓணும் ஒனக்கு, சொல்லு. அவள வுடு, நான் வந்து குந்திக்கிறன். வயசானவதான், ஆனா கறுப்பு அதே கறுப்பு, பாத்துக்க.” கேட் ஒன்றும் சொல்லவில்லை. பேரத்தில் வாயே திறக்காத ஆளை அவள் அதுவரை சந்தித்ததில்லை. ஆத்திரத்தில் ஓங்கி உதைத்தாள், கட்டைவிரல் வீங்கி வெகு நாள் நொண்டினாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எலி வளைக்கு வாசல் ஒன்றென்று நினைக்கிறவன் எலி பிடிக்க முடியாது. எங்கேயாவது ஒரு பக்கம் மெல்லிசாக மண் மூடிய இன்னொரு வழி இருக்கும், ஆபத்தென்றால் எலி அதைத்தான் முட்டிக்கொண்டு ஓடும். ஏரிக்கரையில் இது நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். தேன்கூடும் ஒரு வளைதான் என்று செஞ்சி கணக்குப் போட்டாள். பின்சுவர் ஓரம் தட்டித் தட்டிப் பார்த்து, சமையல்கட்டுச் சாக்கடைக்குப் பக்கத்தில் மண் பொதபொதவென்று இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். கவுன்சிலர் மகனின் பிறந்தநாள் பிரியாணி நடந்த மத்தியானம், உள்ளே எல்லாரும் கைதட்டி வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து நண்டுக் கம்பியால் தோண்டினாள். தனகோட்டி அந்தப் பக்கம் வந்தான், பார்த்தான், காக்காய் விரட்டுகிற மாதிரி கையை வீசிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டான். சுவருக்கடியில் துளை விழுந்தது. உள்ளிருந்து தேசம்மா ஊர்ந்து வந்தாள். மண் அப்பிய தலை தெரிந்தது, கண் தெரிந்தது, பல் முளைத்த வாய் தெரிந்தது, செஞ்சி அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கையோடு வந்தது ஈர மண். தேசம்மா அதே நேரம் பந்தியின் நடுவில், இலைகளுக்கு இடையில், சேறும் சகதியுமாக எழுந்து நின்றாள். ஏதோ வேடிக்கை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

சுகந்தன் துளையை அடைக்கச் சொன்னார். செஞ்சி வாரத்தில் ஒரு நாள் கம்பி வழியாக மட்டும் பார்க்கலாம் என்று விதி வந்தது.

அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் தேசம்மா கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். ஏரியில் கெண்டை துள்ளுகிற கதையைச் செஞ்சி சொன்னால் முன்பெல்லாம் கூடக்கூடச் சொல்வாள். இப்போது வெறுமனே கேட்டாள். கேட் பக்கம் விளையாட வருவது நின்றது. ரோட்டைப் பார்த்து நிற்கத் தெரியாத பிள்ளையாக, எப்போதும் முகத்தைக் கட்டடத்தின் பக்கமே வைத்துக்கொண்டாள். ஒரு தடவை கேட்டாள்:

“அத்த, நான் இங்கியே பொறந்தனா?”

செஞ்சி கம்பியை விட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போனாள்.

அங்கே யுவராணி டீச்சர் இருந்தாள், செஞ்சியின் நண்டுக்கு ரொம்ப நாள் வாடிக்கை. வெளுத்த உடம்பு, மெல்லிய குரல். பெற்ற ஒரு பிள்ளையையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுப் புருஷனோடு அந்தப் பெரிய வீட்டில் இருந்தாள்.

“டீச்சரம்மா, ஒரு ஒதவி. டவுன்காரங்க கையப் புடிச்சிக்கினு போனா கேட்டு வுடுதாம். முன்ன ஒரு ஏரிக்கரைப் பையன் வக்கீல் வூட்டுக்கு அப்பிடித்தான் போனான், தனகோட்டி கண்ணால பாத்துக்கீறான். நீங்க வளக்கறன்னு சொல்லி கூட்டிக்கினு வாங்க. ரோட்டுக்கு வந்ததும் எங்கிட்ட குடுத்துடுங்க.”

“அது பொய் சொல்ற மாதிரி ஆகாதா?”

“அவங்க சொல்றது மட்டும் இன்னாவாம்? கேட்டு நல்லாக்கீதுன்னு எழுதி வெச்சிக்கிறாங்களே.”

டீச்சர் நண்டுகளை எண்ணி வாங்கிச் சட்டியில் போட்டாள். பிறகு சரி என்றாள்.

பிள்ளை பார்க்கும் நாளில் போய்க் கேசரி சாப்பிட்டாள். பவுடர் பூசி வந்து நின்ற தேசம்மாவிடம், “எந்த ஊரும்மா?” என்று கேட்கவே இல்லை, அதனால் கரண்டி நிற்கவும் இல்லை. செஞ்சியிடம் கான்கிரீட் வீடும் படுக்கையும் கேட்ட கமிட்டி, டீச்சரிடம் வீட்டில் நாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டது.

குறித்த நாளில் செஞ்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். டீச்சர் தேசம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டைத் தாண்டினாள். இடது கால் ரோட்டில் விழுந்தது. வலது காலும் ரோட்டில் விழுந்தது. தேசம்மா வெயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, லாரியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், டீச்சர் கையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். செஞ்சி அவளை வாரி எடுத்தாள், அந்த உடம்பின் கனம் முழுசாக ஒரு தடவை கையில் ஏறியது. பிறகு இல்லை.

“வந்துட்டியாம்மா” என்றது கேட்டுக்கு உள்ளே தனகோட்டியின் குரல், மெதுவாக.

டீச்சர் மறுபடி உள்ளே போய், மறுபடி கையெழுத்துப் போட்டு, மறுபடி கூட்டி வந்தாள். இந்தத் தடவை செஞ்சி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கிட்டே வந்த தேசம்மா, “அத்த” என்றாள். அந்தச் சொல் முடியும்போது அவள் முற்றத்தில் நின்றாள்.

பிரேமாவதி மேடம் வெளியே வந்தார். “டீச்சர், பிள்ளைக்கு உங்க கூட வர விருப்பமில்லைன்னு நான் எழுதவேண்டி வரும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அப்புறம் யாருக்கும் கொடுக்க முடியாது.”

டீச்சர் ரோட்டைத் தாண்டி வந்தாள், அழுதிருந்தாள். “நீங்களே சொல்லுங்க செஞ்சி. நான் என்ன பண்ணட்டும்? உள்ளயே இருந்தா கம்பி வழியாவது உங்க பிள்ளையா இருப்பா.”

செஞ்சிக்குக் கோபம் வந்தது, டீச்சர் மேல் வந்தது, பிரேமாவதி மேல் வந்தது, ரெண்டு யானை மேலும் வந்தது, யார் மேல் இறக்குவதென்று தெரியாமல் கரும்புச்சாறுக்காரனைப் பார்த்து, “இன்னாய்யா பாக்கற, சக்கையப் புழி” என்று கத்தினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரம் பேசியவள், எந்தப் பக்கம் போனாலும் முதலுக்கே மோசம் என்கிற பேரத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். உள்ளே என்றால் தன் பிள்ளை. வெளியே என்றால் வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளை.

“பொறந்த எடமே அதுன்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டா டீச்சரம்மா” என்றாள். “கூட்டிக்கினு போங்க. என்னைக் கூப்புடக் கூடாதுன்னு சொல்லிடுங்க. நான் தொடமாட்டன்.”

மூன்றாவது தடவை தேசம்மா கேட்டைத் தாண்டியபோது செஞ்சி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது, தேயும் சத்தம் கேட்டது, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்தாள்.

பிள்ளையார் கோயில் தெருவில் இப்போது தினமும் காலையில் நண்டுக்காரி வருகிறாள். டீச்சர் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, “நண்டேய், வயல் நண்டு” என்று ஒரே ஒரு குரல் கொடுப்பாள். ஜடை பின்னி, கால் சட்டையும் மேல் சட்டையுமாக, டீச்சர் வைத்த புதுப் பெயரோடு அந்தப் பெண் வெளியே வந்து, கைக்கு எட்டாத தூரத்தில், படியில் உட்காருவாள்.

“நண்டு எப்படிங்க?”

“வாங்கம்மா. பாத்து எடுங்க. எல்லாம் உசுரோடக்கீது.”

“சின்னதா இருக்கே.”

“எளச்சிப் போச்சிம்மா. சரியா சாப்புடறதில்ல. கூட்டத்துல ஒண்ணு கொறையுதுல்ல, அத்தத் தேடிக்கினே கெடக்குது.”

“சாப்பிடச் சொல்லுங்க. காணாமப் போனது நல்லாத்தான் இருக்கும். தெனம் இட்லி கெடைக்கும் அதுக்கு.”

“இட்லி புடிக்கிதாமா அதுக்கு?”

“மொதல்ல புடிக்கல. இப்ப புடிக்கிது.” கொஞ்சம் யோசித்து, “தூங்கும்போது மட்டும் ஏரி சத்தம் கேக்கலன்னு சொல்லுது.”

செஞ்சி ஒரு நண்டைத் தூக்கி, திருப்பி, தேவையே இல்லாமல் அதன் வயிற்றைத் துடைத்தாள். “ஏரி எங்கம்மா போவப் போவுது. அங்கதான் கெடக்குது. நெறஞ்சி கெடக்குது.”

எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, “ஏம்மா, ஒரு நண்டுக்கு இவ்வளவு நேரமா தினமும்? வாங்கறதுன்னா வாங்கித் தொலைங்களேன்” என்பாள்.

“எங்க நண்டு, எங்க வாயி. உங்க காத மூடிக்கங்கம்மா.”

தெருவும் இதைப் பழகிவிட்டது. பால்காரர் சைக்கிளை அந்த இடத்தில் ஒதுக்கி ஓட்டுகிறார். டீச்சர் ஒருநாள்கூடப் பணத்தோடு வெளியே வந்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, ஸ்கூல் மணி அடிக்கிற நேரம் வரை இருமாமல் இருப்பாள். ஒரு காலையில் அந்தப் பெண், பேச்சு சுவாரசியத்தில் கண் விரிந்து, படியிலிருந்து பாதி எழுந்து, “அத்...” என்றாள். தெருவே நின்ற மாதிரி இருந்தது. செஞ்சியின் கை கூடை விளிம்பில் இறுகியது.

“...திகமா சொல்றீங்க” என்று முடித்துவிட்டு அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“அதிகமா? நானா?” செஞ்சி விளிம்பேறிய நண்டைக் கூடைக்குள் தள்ளினாள். “இந்த வெலைக்கு ஆலஞ்சேரில எவ குடுப்பா? கொறைக்க முடியாதும்மா.”

“கொறைங்க.”

“முடியாது.”

“அப்ப வேணாம்.”

“வேணான்னா வுடுங்க. எனக்கு இன்னா, நாளைக்கும் வருவன்.”

“நாளைக்கும் இதே வெலதான் கேப்பேன்.”

“கேளுங்க. நானும் இதே வெலதான் சொல்லுவன்.”

ஸ்கூல் மணி அடித்தது. அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு, டீச்சரின் கையைப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். செஞ்சி ஈரச் சாக்கை நண்டுகள் மேல் இழுத்து மூடி, கூடையைத் தலைக்கு ஏற்றினாள். அன்றைக்கும் வியாபாரம் படியவில்லை.